லினக்ஸ் சர்வரில் விர்ச்சுவல்பாக்ஸ் நிறுவல் சிக்கினால்: கர்னலிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

உபுண்டு அல்லது டெபியன் சர்வரில் விர்ச்சுவல்பாக்ஸ் (ஒரு கணினிக்குள் இன்னொன்றை ஓட்டும் மென்பொருள்) நிறுவுகிறீர்கள். பேக்கேஜ்கள் இறங்குகின்றன, கடைசியில் கொத்தாகச் சில எரர் வரிகள் வந்து நிற்கின்றன. இல்லாவிட்டால் எரரே இல்லாமல் எல்லாம் முடிந்த மாதிரி தெரிகிறது. ஆனால் விபாக்ஸ்மேனேஜ் கட்டளையை அடித்ததும் '/டெவ்/விபாக்ஸ்டிஆர்வி' என்ற கோப்பைக் காணவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. மீறி விஎம்-ஐ, அதாவது உள்ளே ஓட வேண்டிய மெய்நிகர் இயந்திரத்தை, தொடங்கினால் 'கர்னல் டிரைவர் நாட் இன்ஸ்டால்டு' என்கிறது, பக்கத்திலேயே -1908 என்ற எண்.

இந்த இடத்தில் பலரும் உடனே செய்வது, எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது. அதில் நேரம் போகுமே தவிர, அநேகமாக அதே எரர்தான் திரும்பி வரும். விர்ச்சுவல்பாக்ஸின் கோப்புகள் சரியாகத்தான் வந்து உட்கார்ந்திருக்கும். அது கர்னலுக்குள் (லினக்ஸின் மையப் பகுதிக்குள்) நுழைக்க வேண்டிய மாட்யூல் என்ற துணைநிரல்தான் எங்கோ வழியில் நின்றுபோயிருக்கும். அந்த மாட்யூல் கடந்துவர வேண்டிய கட்டங்கள் வரிசையானவை: பிராசசர் இடம் கொடுக்க வேண்டும், கர்னலுக்கு ஏற்ற ஹெடர் இருக்க வேண்டும், கம்பைல் ஆக வேண்டும், கையொப்பம் ஏற்கப்பட வேண்டும், லோட் ஆக வேண்டும். எந்தக் கட்டத்தில் நின்றது என்று கண்டுபிடித்துவிட்டால், சரிசெய்வது பெரும்பாலும் ஒன்றிரண்டு கட்டளைகளில் முடிந்துவிடும். அதனால் இந்த வழிகாட்டியும் அதே வரிசையில் போகிறது. நடுவில் ஒரு படியைத் தாண்டிப் போகாதீர்கள்.

ஒரு குறிப்பு. கட்டளைகள், கோப்புப் பெயர்கள், எரர் வரிகள் எல்லாவற்றையும் ஒலிக்கிறபடி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் அடியுங்கள். பெரிய எழுத்து தேவைப்படும் இடத்தில் தனியாகச் சொல்கிறேன். சர்வரை மாற்றும் கட்டளைகளுக்கு முன்னால் சூடோ சேர்க்க வேண்டும் என்பதை ஒவ்வொரு முறையும் சொல்லப் போவதில்லை. இங்கே மனதில் வைத்திருப்பது எக்ஸ்86-64 சர்வர், அதில் உபுண்டு அல்லது டெபியன்.

## தொடங்கும் முன்: விர்ச்சுவல்பாக்ஸ்தான் வேண்டுமா?

இதை வெளிப்படையாகவே சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் நிற்காமல் ஓடப்போகிற விஎம்களைப் புதிதாக அமைக்கிறீர்கள் என்றால், லினக்ஸின் சொந்த விர்ச்சுவலைசேஷன் வசதியான கேவிஎம் நல்ல தேர்வு. அது 2007-இல் வந்த லினக்ஸ் 2.6.20-இலிருந்து கர்னலுக்குள்ளேயே இருக்கிறது. தனியாக மாட்யூல் கம்பைல் செய்யும் வேலையே இல்லாததால், கீழே வரும் தொல்லைகளில் பாதி அதில் கிடையாது.

ஆனாலும் விர்ச்சுவல்பாக்ஸுக்கு நியாயமான காரணங்கள் உண்டு. கையில் ஏற்கெனவே ஓவிஏ கோப்புகள் (முழு விஎம்-ஐயும் அடக்கியவை) இருக்கலாம். குழுவில் எல்லோரும் வேக்ரண்ட்டில் (விஎம்களை அமைத்துத் தரும் கருவி) விர்ச்சுவல்பாக்ஸை வைத்தே வேலை செய்துகொண்டிருக்கலாம். மாணவர்கள் தங்கள் விண்டோஸ் லேப்டாப்பில் உருவாக்கிய விஎம்-ஐ அப்படியே சர்வருக்கு நகர்த்த வேண்டியிருக்கலாம். அப்படியானால் மேலே படியுங்கள்.

## படி 1: சர்வர் இடம் கொடுக்கிறதா?

முதலில் 'சிஸ்டம்டி-டிடெக்ட்-விர்ட்' என்று அடியுங்கள். பதில் 'நன்' என்று வந்தால் நீங்கள் நிஜ இயந்திரத்தில் இருக்கிறீர்கள். 'எல்எக்ஸ்சி' அல்லது 'ஓபன்விஇசட்' என்று வந்தால் அது கன்டெய்னர். அதற்கென்று சொந்தக் கர்னல் இல்லை. மாட்யூலை லோட் செய்யும் உரிமை அதற்கு வெளியே இருக்கும் ஹோஸ்ட்டிடம் இருக்கிறது. அங்கே என்ன செய்தாலும் விர்ச்சுவல்பாக்ஸ் ஓடாது. மலிவான விபிஎஸ் (வாடகை மெய்நிகர் சர்வர்) வாங்கியவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொண்டால் ஒரு நாள் மிச்சம்.

'கேவிஎம்', 'விஎம்வேர்' போன்ற பதில் வந்தால் உங்கள் சர்வரே ஒரு விஎம். விஎம்முக்குள் விஎம் ஓட வேண்டுமானால் வெளியில் இருக்கும் ஹோஸ்ட் நெஸ்டட் விர்ச்சுவலைசேஷனைத் திறந்துவிட்டிருக்க வேண்டும். சேவை தருபவரிடம் கேட்பதுதான் வழி. உள்ளிருந்து அதை மாற்ற முடியாது. ஹோஸ்ட்டும் உங்கள் கையில் இருந்தால், அங்கே '/சிஸ்/மாட்யூல்/கேவிஎம்_இன்டெல்/பராமீட்டர்ஸ்/நெஸ்டட்' கோப்பில் ஒய் அல்லது 1 இருக்கிறதா என்று பாருங்கள்.

அடுத்து 'எல்எஸ்சிபியு'. அதன் வெளியீட்டில் 'விர்ச்சுவலைசேஷன்' என்று ஒரு வரி இருக்கும். இன்டெல் என்றால் விடி-எக்ஸ், ஏஎம்டி என்றால் ஏஎம்டி-வி. வரியே இல்லை என்றால் பயாஸில் அணைக்கப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். 'டிமெஸ்ஜி' வெளியீட்டில் 'டிசேபிள்டு பை பயாஸ்' என்று தேடுங்கள், இருந்தால் சந்தேகமே வேண்டாம். பயாஸில் இன்டெல் சர்வர்களில் 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' என்றும், ஏஎம்டி-யில் 'எஸ்விஎம் மோட்' என்றும் இருக்கும். மாற்றியபின் ரீபூட் மட்டும் போதாத சர்வர்களும் உண்டு. மின்சாரத்தை முழுதாக நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள்.

பழைய கட்டுரைகளில் '32-பிட் விஎம்முக்கு விடி-எக்ஸ் தேவையில்லை' என்று படித்திருப்பீர்கள். அது அந்தக் காலத்துக்குச் சரி. 2019 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து பிராசசர் ஆதரவு இல்லாமல் விர்ச்சுவல்பாக்ஸ் எந்த விஎம்-ஐயும் ஓட்டாது.

## படி 2: எந்தப் பேக்கேஜ், எங்கிருந்து?

உபுண்டுவின் சொந்த ரெப்போசிட்டரியில் மல்டிவெர்ஸ் பிரிவில் விர்ச்சுவல்பாக்ஸ் இருக்கிறது. டெபியனின் நிலையான வெளியீடுகளில் இல்லை. ஆரக்கிளின் ரெப்போசிட்டரியைச் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டில் எது என்றாலும் சரி, இரண்டையும் கலக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

கலந்தால் என்ன ஆகும்? உபுண்டுவின் பேக்கேஜ் டிகேஎம்எஸ் (ஒவ்வொரு கர்னலுக்கும் மாட்யூலைத் தானாகக் கட்டும் கருவி) வழியாக ஒரு மாட்யூலைக் கட்டி வைத்திருக்கும். ஆரக்கிளின் பேக்கேஜ் தன் சொந்த ஸ்கிரிப்ட்டால் இன்னொன்றைக் கட்டும். லோட் ஆவது பழையது, அழைப்பது புதியது. பதிப்பு பொருந்தவில்லை என்று -1912 எரர் வரும். இந்த எண்ணைப் பார்த்தால் 'டிபிகேஜி -எல்' வெளியீட்டில் விர்ச்சுவல்பாக்ஸ் என்ற பெயரில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். 'விர்ச்சுவல்பாக்ஸ்-டிகேஎம்எஸ்' என்ற பேக்கேஜும், '-7.1' போலப் பதிப்பு எண்ணோடு முடியும் பேக்கேஜும் ஒன்றாக இருந்தால் ஒன்றை நீக்குங்கள். அப்புறம் ஒருமுறை ரீபூட் செய்தால் நினைவில் தங்கியிருக்கும் பழைய மாட்யூலும் போய்விடும்.

ஆரக்கிளின் ரெப்போவைச் சேர்க்கும்போது 'நோ பப்கீ' என்று ஆப்ட் முறைத்தால், சாவிக் கோப்பு சரியான இடத்தில் இல்லை என்று அர்த்தம். ஆப்ட்-கீ கட்டளையைப் பயன்படுத்தச் சொல்லும் பழைய குறிப்புகளை விட்டுவிடுங்கள், அது வழக்கொழிந்துவிட்டது. சாவியை '/யூஎஸ்ஆர்/ஷேர்/கீரிங்ஸ்' அடைவில் வைத்து, ரெப்போ வரியில் 'சைன்டு-பை' என்று அதன் பாதையைக் குறிப்பிடுங்கள்.

சர்வரில் திரைக்கான கியூட்டி நூலகங்கள் வேண்டாம் என்று உபுண்டுவில் '--நோ-இன்ஸ்டால்-ரெக்கமண்ட்ஸ்' சேர்த்து நிறுவுவது நல்ல பழக்கம்தான். ஆனால் பரிந்துரைப் பேக்கேஜ்களை விடும்போது கர்னல் ஹெடரும் சேர்ந்து விடுபட்டுப்போகலாம். அதைத் தனியாக நிறுவ மறக்க வேண்டாம். அடுத்த படியே அதைப் பற்றித்தான்.

## படி 3: ஓடும் கர்னலும் ஹெடரும்

நடைமுறையில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல் உங்கள் சர்வரில் ஓடும் கர்னலுக்கென்றே அங்கேயே கம்பைல் ஆக வேண்டும். தையற்காரரிடம் கொடுக்கும் அளவு ஜாக்கெட் மாதிரி, கர்னலின் அளவுகளைச் சொல்வது ஹெடர் பேக்கேஜ். அளவு கொடுக்காவிட்டால் தைக்கவே முடியாது. வேறு ஒருவர் அளவைக் கொடுத்தால் தைத்தது சேராது.

'யூநேம் -ஆர்' என்று அடியுங்கள். வருவதுதான் இப்போது ஓடும் கர்னல். அடுத்து '/லிப்/மாட்யூல்ஸ்/' அடைவுக்குள் அதே பெயரில் இருக்கும் அடைவில் 'பில்ட்' என்ற இணைப்பு இருக்கிறதா, அது நிஜமாகவே ஓர் அடைவைச் சுட்டுகிறதா என்று பாருங்கள். இணைப்பு அறுந்து சிவப்பாகத் தெரிந்தாலோ, இல்லாமலே இருந்தாலோ ஹெடர் இல்லை. 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-' என்று எழுதி, ஒட்டினாற்போல் 'யூநேம் -ஆர்' தந்த முழுப் பெயரையும் சேர்த்து ஆப்ட் மூலம் நிறுவுங்கள். கூடவே 'பில்ட்-எசென்ஷியல்' பேக்கேஜும் வேண்டும், ஜிசிசி-யும் மேக்கும் அதில்தான் வருகின்றன.

அந்தப் பெயரில் ஹெடர் கிடைக்கவே இல்லை என்று ஆப்ட் சொன்னால் மூன்று காரணங்களில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, சர்வர் பல மாதமாக ரீபூட் ஆகாமல் ஓடிக்கொண்டிருப்பது. புதிய கர்னல் வட்டில் வந்து இறங்கியிருக்கும், ஓடுவதோ பழையது. பழையதற்கான ஹெடர் ரெப்போசிட்டரியிலிருந்தே நீக்கப்பட்டிருக்கலாம். '/வார்/ரன்/ரீபூட்-ரிக்வயர்டு' என்ற கோப்பு இருந்தால் இதுதான் விஷயம். நேரம் பார்த்து ரீபூட் செய்துவிட்டு, புதிய கர்னலுக்கு ஹெடர் போடுங்கள்.

இரண்டாவது, கர்னல் வகை வேறாக இருப்பது. டெபியனின் கிளவுட் இமேஜ்களில் கர்னல் பெயரில் 'கிளவுட்' என்று நடுவில் வரும். அதற்கு வழக்கமான 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' பொருந்தாது, 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-கிளவுட்-ஏஎம்டி64' வேண்டும். பேக்கேஜ் நிறுவப்பட்டிருக்கிறது, ஆனாலும் ஹெடர் இல்லை என்று சொல்கிறதே என்று குழம்புபவர்கள் இந்தப் பெயரை ஒருமுறை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள்.

மூன்றாவது, சில சேவையாளர்கள் தாங்களே கட்டிய கர்னலைப் போட்டுக் கொடுப்பது. அதற்கான ஹெடரை அவர்களிடம்தான் கேட்க வேண்டும். அல்லது விநியோகத்தின் வழக்கமான கர்னலை நிறுவி அதில் பூட் செய்ய வேண்டும்.

ஹெடர் வந்தபின் முழுப் பேக்கேஜையும் மறுபடி நிறுவத் தேவையில்லை. ஆரக்கிளின் பேக்கேஜ் என்றால் 'விபாக்ஸ்கான்ஃபிக்' என்று அடித்தால் போதும், அது மாட்யூலை மட்டும் கட்டும். உபுண்டுவின் பேக்கேஜ் என்றால் 'டிகேஎம்எஸ் ஆட்டோஇன்ஸ்டால்'. நிறுவல் பாதியில் நின்று, டிபிகேஜி எரர் எண் 1 தந்திருந்தால் 'டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' கொடுத்து மிச்சத்தை முடித்துக்கொள்ளுங்கள்.

## படி 4: லாக்கைப் படியுங்கள், அதுவும் முதல் எரரிலிருந்து

ஹெடர் இருந்தும் கம்பைல் தோற்றால் லாக்கில் காரணம் எழுதியிருக்கும். ஆரக்கிளின் பேக்கேஜுக்கு '/வார்/லாக்/விபாக்ஸ்-செட்டப்.லாக்'. டிகேஎம்எஸ் என்றால் '/வார்/லிப்/டிகேஎம்எஸ்/விர்ச்சுவல்பாக்ஸ்/' அடைவுக்குள் பதிப்பு எண், அதற்குள் 'பில்ட்', அதற்குள் 'மேக்.லாக்'.

திரையில் கடைசியாகத் தெரிவது 'மேக்: எரர் 2' மாதிரியான வரி. அதை மட்டும் எடுத்துத் தேடினால் ஆயிரம் விதமான பதில்கள் வரும், ஒன்றும் உதவாது. ஏனென்றால் அந்த வரி 'உள்ளே எங்கோ தோற்றது' என்பதை மட்டும்தான் சொல்கிறது. லாக்கை 'லெஸ்' கட்டளையில் திறந்து, மேலிருந்து 'எரர்' என்று தேடி, முதலில் வருவதில் நில்லுங்கள். அதற்கு முந்தைய இரண்டு வரிகளையும் சேர்த்துப் படியுங்கள்.

அங்கே நீங்கள் பார்க்கக்கூடியவை இவை.

'ஜிசிசி-12: நாட் ஃபவுண்டு' என்று வரலாம். கர்னலைக் கட்டிய கம்பைலரும் உங்கள் சர்வரில் இருக்கும் கம்பைலரும் வேறு. உபுண்டு 22.04 இதற்கு நல்ல உதாரணம். அதன் இயல்பான கம்பைலர் ஜிசிசி-11. ஆனால் எச்டபிள்யூஇ (பழைய உபுண்டு வெளியீட்டுக்குப் புதிய கர்னல் தரும் ஏற்பாடு) வழியாக வந்த 6.5 கர்னல் ஜிசிசி-12 கொண்டு கட்டப்பட்டது. இதே பிரச்சினை சில சமயம் 'எஃப்டிரிவியல்-ஆட்டோ-வார்-இனிட்' என்ற கம்பைலர் விருப்பம் புரியவில்லை என்கிற வேறு முகத்தோடும் வரும். பார்க்க சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும், தீர்வு ஒன்றுதான். '/ப்ராக்/வெர்ஷன்' கோப்பைத் திறந்தால் கர்னல் எந்த ஜிசிசி-யால் கட்டப்பட்டது என்று தெரியும். அந்தப் பதிப்பை ஆப்ட் மூலம் நிறுவுங்கள். இயல்பான கம்பைலரை மாற்ற வேண்டியதில்லை, பக்கத்தில் இருந்தாலே போதும்.

'இம்ப்ளிசிட் டிக்ளரேஷன்', 'ஹேஸ் நோ மெம்பர் நேம்டு' போன்றவை வந்தால் கர்னல் உங்கள் விர்ச்சுவல்பாக்ஸைவிடப் புதியது. கர்னலின் உள் அமைப்பு பதிப்புக்குப் பதிப்பு மாறும். விர்ச்சுவல்பாக்ஸ் அதைப் பின்தொடர்ந்து திருத்தங்கள் வெளியிடும். சரியான வழி, விர்ச்சுவல்பாக்ஸின் அதே வரிசையில் சமீபத்திய திருத்தப் பதிப்பை எடுப்பது. இணையத்தில் யாரோ கொடுத்த பேட்ச்சை எடுத்து மூலக்கோப்பில் ஒட்டுவதை சர்வரில் நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுத்த அப்டேட்டில் அது அழிந்துவிடும், ஏன் தோற்றது என்று அப்போது உங்களுக்கு நினைவும் இருக்காது. புதிய பதிப்பு இன்னும் வரவில்லை என்றால் பழைய கர்னலில் பூட் செய்து காத்திருங்கள்.

வட்டில் இடமில்லை என்ற எரரும் உண்டு. பெரும்பாலும் '/பூட்' பார்ட்டிஷன் பழைய கர்னல்களால் நிரம்பியிருக்கும். 'ஆப்ட் ஆட்டோரிமூவ்' கொடுத்து இடம் ஏற்படுத்திவிட்டு மறுபடி முயலுங்கள்.

## படி 5: கம்பைல் ஆகிறது, லோட் ஆகவில்லை

'மாட்புரோப் விபாக்ஸ்டிஆர்வி' என்று கையால் லோட் செய்து பாருங்கள். அமைதியாகத் திரும்பினால் வெற்றி. எரர் வந்தால் அதன் வாசகமே வழி சொல்லும். 'நாட் ஃபவுண்டு' என்றால் மாட்யூல் கட்டப்படவே இல்லை, படி 3-க்குத் திரும்புங்கள். 'இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்' அல்லது 'எக்ஸெக் ஃபார்மட் எரர்' என்றால் வேறு கர்னலுக்குக் கட்டியது. 'மாட்இன்ஃபோ விபாக்ஸ்டிஆர்வி' கொடுத்து அதில் 'வெர்மேஜிக்' வரியை 'யூநேம் -ஆர்' உடன் ஒப்பிடுங்கள்.

'ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்' அல்லது 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்' என்று வந்தால் செக்யூர் பூட். 'மோக்யூடில் --எஸ்பி-ஸ்டேட்' கொடுத்தால் அது இயங்குகிறதா என்று உறுதியாகத் தெரிந்துவிடும். (டிமெஸ்ஜி-யில் 'மாட்யூல் வெரிஃபிகேஷன் ஃபெயில்டு... டெயின்டிங் கர்னல்' என்று வருவது வேறு. அது வெறும் எச்சரிக்கை. மாட்யூல் லோட் ஆகிவிட்டது.)

செக்யூர் பூட் இயங்கும்போது, நம்பப்பட்ட சாவியால் கையொப்பமிட்ட மாட்யூல்களை மட்டும் கர்னல் உள்ளே விடும். நீங்கள் இப்போதுதான் கட்டிய மாட்யூலுக்கு அந்தக் கையொப்பம் இல்லை, அல்லது கையொப்பமிட்ட சாவியை ஃபர்ம்வேருக்குத் தெரியாது. செக்யூர் பூட்டை அணைத்துவிடலாமே என்று தோன்றும். அணைக்கவும் கன்சோல் (சர்வரின் நேரடித் திரையும் கீபோர்டும்) வேண்டும், சாவியைப் பதியவும் கன்சோல் வேண்டும். உழைப்பு ஒன்றுதான் என்னும்போது, பாதுகாப்பைக் கழற்றிப் போடுவதைவிடச் சாவியைப் பதிவதே மேல்.

அந்தக் கன்சோல்தான் சர்வர்களில் உண்மையான தடை. சாவியைப் பதியும் திரை, லினக்ஸ் எழுவதற்கு முன்னால் வரும். அப்போது நெட்வொர்க் இல்லை, எஸ்எஸ்எச் இல்லை. எனவே ரீபூட் செய்வதற்கு முன்னால் ஐபிஎம்ஐ, ஐடிராக், ஐலோ அல்லது சேவையாளர் தரும் வலைவழிக் கன்சோல், இவற்றில் ஒன்று நிஜமாகவே திறக்கிறதா, அதில் விசைகள் அடிபடுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். டேட்டா சென்டரில் இருக்கும் ஆளை போனில் கூப்பிட்டுச் செய்யச் சொல்வதும் ஒரு வழிதான்.

உபுண்டுவில் டிகேஎம்எஸ் வழி என்றால் சாவி '/வார்/லிப்/ஷிம்-சைன்டு/மோக்' அடைவில் உருவாக்கப்பட்டிருக்கும். இந்த 'மோக்' சிறிய எழுத்து, உள்ளே இருக்கும் சாவிக் கோப்பான 'மோக்.டெர்'-இல் மோக் மட்டும் பெரிய எழுத்து. சாவியே இல்லாவிட்டால் 'அப்டேட்-செக்யூர்பூட்-பாலிசி --நியூ-கீ' உருவாக்கித் தரும். ஆரக்கிளின் விபாக்ஸ்கான்ஃபிக், தானே சாவி உருவாக்க முடியாத இடங்களில், ஓபன்எஸ்எஸ்எல் கொண்டு எப்படி உருவாக்குவது என்ற கட்டளைகளைத் திரையிலேயே அச்சிடும். அவற்றை அப்படியே பிரதி எடுத்து ஒவ்வொன்றாக இயக்குங்கள்.

சாவி கையில் வந்ததும் 'மோக்யூடில் --இம்போர்ட்' என்று அடித்து சாவிக் கோப்பின் பாதையைக் கொடுங்கள். ஒரு கடவுச்சொல் கேட்கும். இது ஒரே ஒரு முறை, அடுத்த பூட்டில் மட்டும் தேவைப்படும். அங்கே கீபோர்டு அமைப்பு மாறியிருக்கலாம், கன்சோல் சில குறிகளை விழுங்கிவிடலாம். ஆகவே எட்டு எண்கள் மட்டும் கொண்ட ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள், குறிகள் வேண்டாம்.

இப்போது கன்சோலைத் திறந்து வைத்துக்கொண்டு ரீபூட் செய்யுங்கள். நீல நிறத் திரை வந்து, ஏதாவது ஒரு விசையை அழுத்தச் சொல்லி நொடிகளை எண்ணத் தொடங்கும். அவகாசம் சுமார் பத்து நொடிதான், விட்டுவிட்டால் சர்வர் வழக்கம்போல் பூட் ஆகிவிடும். இம்போர்ட்டிலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்கும். விசையை அழுத்தியதும் ஒரு பட்டியல் வரும். 'கன்டினியூ பூட்' என்பதில் கர்சர் நிற்கும், அவசரத்தில் அதையே தட்டிவிடாதீர்கள். கீழே இறங்கி 'என்ரோல் மோக்' தேர்வு செய்து, 'கன்டினியூ', பிறகு 'எஸ்', பிறகு கடவுச்சொல். அடிக்கும்போது திரையில் எதுவும் தெரியாமல் இருக்கலாம், அது இயல்பு. கடைசியில் 'ரீபூட்'.

சர்வர் எழுந்ததும், ஆரக்கிளின் பேக்கேஜ் என்றால் விபாக்ஸ்கான்ஃபிக்கை ஒருமுறை ஓட்டிவிட்டு, மாட்புரோப்பை மறுபடி கொடுங்கள். 'எல்எஸ்மாட்' வெளியீட்டில் விபாக்ஸ்டிஆர்வி, விபாக்ஸ்நெட்எஃப்எல்டி, விபாக்ஸ்நெட்ஏடிபி மூன்றும் தெரிந்தால் இந்தப் பெரிய தடை தாண்டியாயிற்று. சாவி ஒருமுறை பதிந்தால் போதும், ஒவ்வொரு கர்னலுக்கும் பதிய வேண்டாம்.

## படி 6: மாட்யூல் இருக்கிறது, விஎம் தொடங்கவில்லை

'விபாக்ஸ்மேனேஜ் லிஸ்ட் ஹோஸ்ட்இன்ஃபோ' கொடுங்கள். பிராசசர் வன்பொருள் விர்ச்சுவலைசேஷனை ஆதரிக்கிறது என்ற வரியில் 'எஸ்' இருக்க வேண்டும். இருந்தும் விஎம் எழவில்லை என்றால், சமீப காலத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது கேவிஎம்-ஐ.

பிராசசரின் விஎம்எக்ஸ் (விடி-எக்ஸ்) வசதியை ஒரே நேரத்தில் இரண்டு பேர் கையில் வைத்திருக்க முடியாது. முன்பெல்லாம் கேவிஎம் மாட்யூல் லோட் ஆகியிருந்தாலும், அதில் விஎம் ஓடும்போதுதான் அது வசதியைப் பிடித்துக்கொள்ளும். 2024 நவம்பரில் வெளியான லினக்ஸ் 6.12-இல் இந்த நடத்தை மாறியது. மாட்யூல் லோட் ஆகும்போதே பிடித்துக்கொள்கிறது. டெபியன் 13 இந்தக் கர்னலோடுதான் வருகிறது. அதனால் டெபியன் 12-இல் நன்றாக ஓடிய அமைப்பு, மேம்படுத்தியதும் 'விஎம்எக்ஸ் ரூட் மோட்' என்ற சொற்கள் கொண்ட எரரோடு நிற்கும். ஏஎம்டி-யில் 'எஸ்விஎம் இன் யூஸ்' என்று வரும்.

உடனடித் தீர்வு 'மாட்புரோப் -ஆர் கேவிஎம்_இன்டெல்' (ஏஎம்டி என்றால் கேவிஎம்_ஏஎம்டி). நிலையான தீர்வுக்கு '/ஈடிசி/டிஃபால்ட்/கிரப்' கோப்பில் கர்னல் வரியில் 'கேவிஎம்.எனேபிள்_விர்ட்_அட்_லோட்=0' என்று சேர்த்து, 'அப்டேட்-கிரப்' கொடுத்து ரீபூட் செய்யுங்கள். அதே சர்வரில் வேறு யாராவது கேவிஎம்மில் விஎம் ஓட்டுகிறார்களா என்று முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

அடுத்தது உரிமைகள். 'எஃபெக்டிவ் யூஐடி இஸ் நாட் ரூட்' என்று -10 எண்ணோடு வந்தால், விர்ச்சுவல்பாக்ஸின் இயக்கக் கோப்புகள் செட்யூஐடி (ரூட் உரிமையோடு ஓடவைக்கும்) அடையாளத்தை இழந்துவிட்டன. வேறு வட்டுக்குப் பிரதி எடுத்தபோது போயிருக்கலாம். அல்லது அந்தப் பார்ட்டிஷன் 'நோசூயிட்' என்று மவுண்ட் ஆகியிருக்கலாம். பேக்கேஜை மறுபடி நிறுவுவது பலன் தரும் அபூர்வமான இடம் இது, மவுண்ட் சரியாக இருந்தால் மட்டும். இன்னொன்று: '/யூஎஸ்ஆர்' அல்லது '/ஓபிடி' அடைவுக்கு உரிமையாளர் ரூட் இல்லை என்றாலோ, எல்லோரும் எழுதலாம் என்று இருந்தாலோ விர்ச்சுவல்பாக்ஸ் பாதுகாப்புக்காக ஓட மறுக்கும். அடைவின் உரிமையைச் சரிசெய்யுங்கள். '/டெவ்/விபாக்ஸ்டிஆர்வி' கோப்புக்கு எல்லோருக்கும் அனுமதி கொடுக்கச் சொல்லும் யோசனைகளைத் தொடவே தொடாதீர்கள். அது கர்னலுக்கு நேராகத் திறக்கும் கதவு.

விஎம் உருவாக்கினேன், 'லிஸ்ட் விஎம்ஸ்' கொடுத்தால் காலியாக இருக்கிறதே என்றால், ஒருமுறை சூடோவோடும் ஒருமுறை அது இல்லாமலும் அடித்திருப்பீர்கள். விஎம் பட்டியல் ஒவ்வொரு பயனருக்கும் தனி. விஎம்களுக்கென்று சாதாரணப் பயனர் ஒருவரை வைத்து, எப்போதும் அவராகவே இயக்குங்கள். விபாக்ஸ்யூசர்ஸ் குழுவில் அவரைச் சேர்ப்பது யூஎஸ்பி சாதனங்களை விஎம்முக்குக் கொடுக்கத்தான். விஎம் ஓட அது கட்டாயமில்லை. தொடங்கும்போது '--டைப் ஹெட்லெஸ்' சேர்க்காவிட்டால் திரையைத் தேடி அது ஒன்றில்லை என்று நின்றுவிடும்.

## நெட்வொர்க்கும் தொலைத் திரையும்

ஹோஸ்ட்-ஒன்லி நெட்வொர்க்குக்கு (ஹோஸ்ட்டும் விஎம்களும் மட்டும் பேசிக்கொள்வது) 10-இல் தொடங்கும் முகவரி கொடுத்தால் அனுமதி இல்லை என்கிறதா? 6.1.28 பதிப்பிலிருந்து 192.168.56.0/21 வரம்புக்குள் இருக்கும் முகவரிகளை மட்டும் ஏற்கிறது. வேறு வேண்டுமானால் '/ஈடிசி/விபாக்ஸ்/நெட்வொர்க்ஸ்.கான்ஃப்' என்ற கோப்பை உருவாக்கி, ஒரு நட்சத்திரக் குறி, இடைவெளி, பிறகு வரம்பு என்று எழுதுங்கள். உதாரணம்: * 10.0.0.0/8.

வாடகை சர்வரில் பிரிட்ஜ் முறை (விஎம் நேராக வெளி நெட்வொர்க்கில் சேர்வது) வேலை செய்யாவிட்டால் உங்கள் அமைப்பைச் சந்தேகிக்க வேண்டாம். தங்களுக்குத் தெரியாத மேக் முகவரியிலிருந்து வரும் போக்குவரத்தைப் பல சேவையாளர்கள் தடுத்துவிடுவார்கள். ஹோஸ்ட்டின் முகவரி வழியாகவே போகும் நாட் முறையில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டுக்கொள்வது எளிது.

விஎம்மின் திரையைத் தொலைவிலிருந்து பார்க்கும் விஆர்டிபி வசதி எக்ஸ்டென்ஷன் பேக்கில் வருகிறது. அதன் பதிப்பு விர்ச்சுவல்பாக்ஸ் பதிப்போடு பொருந்த வேண்டும். அதன் உரிமமும் வேறு: சொந்தப் பயன்பாட்டுக்கு இலவசம், அலுவலகத்தில் வணிகப் பயன்பாட்டுக்குக் கட்டண உரிமம் வேண்டும். இயல்பான போர்ட் 3389. அதை இணையத்துக்கு நேராகத் திறக்காமல் எஸ்எஸ்எச் டனல் வழியாகவே அணுகுங்கள்.

## அடுத்த கர்னல் அப்டேட் வரும்போது

எல்லாம் ஓடுகிறது. ஆனால் உபுண்டுவில் 'அன்அட்டெண்டட்-அப்கிரேட்ஸ்' இரவில் தானாகவே புதிய கர்னலைக் கொண்டுவந்து வைக்கும். பல வாரம் கழித்து யாரோ ஒரு காரணத்துக்காக ரீபூட் செய்வார்கள், விஎம் ஒன்றுகூட எழாது. இதைத் தடுக்க, பதிப்பு எண்ணோடு நிறுவிய ஹெடரோடு நிறுத்தாமல், உபுண்டுவில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஜெனரிக்', டெபியனில் 'லினக்ஸ்-ஹெடர்ஸ்-ஏஎம்டி64' (கிளவுட் கர்னல் என்றால் அதற்குரியது) என்ற பொதுப் பேக்கேஜையும் நிறுவுங்கள். கர்னல் வரும்போதெல்லாம் ஹெடரும் கூடவே வரும். எச்டபிள்யூஇ கர்னல் என்றால் அதன் பெயருள்ள ஹெடர் பேக்கேஜ்.

ஆரக்கிளின் பேக்கேஜில், பூட் ஆகும்போது மாட்யூல் இல்லாவிட்டால் விபாக்ஸ்டிஆர்வி சர்வீஸ் தானே கட்டப் பார்க்கும். அப்போதும் ஹெடர் இருந்தால்தான் முடியும். டிகேஎம்எஸ் வழி என்றால் ரீபூட்டுக்கு முன்பே சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது பெரிய வசதி. 'டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்' கொடுங்கள். '/பூட்' அடைவில் இருக்கும் புதிய கர்னலின் பெயருக்கு நேராக 'இன்ஸ்டால்டு' என்று இருக்க வேண்டும். 'ஆடட்' அல்லது 'பில்ட்' என்று மட்டும் இருந்தாலோ, அந்தக் கர்னலின் பெயரே இல்லாவிட்டாலோ ரீபூட்டைத் தள்ளிப்போடுங்கள், மேக்.லாக்கைத் திறந்து படி 4-இலிருந்து பாருங்கள். ரீபூட் ஆகியே தீர வேண்டும் என்ற நிலை வந்தால், கிரப் பட்டியலில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' வழியாகப் பழைய கர்னலைத் தேர்ந்து பூட் செய்யுங்கள். அதற்கும் அந்தக் கன்சோல் வேண்டும். பழைய கர்னல் ஒன்றையாவது நீக்காமல் வைத்திருங்கள், புதியதில் மூன்று மாட்யூலும் எல்எஸ்மாட்டில் தெரியும் வரை.